நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வேலை: எந்த நூற்றுக்கு?



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தார். எஸ்.பி.எம். முடித்து ஐந்து ஆண்டுகளாக ஜொகூர் பாருவில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கிராணியாக வேலை செய்கிறார். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: 12 வாரத்தில் மென்பொருள் உருவாக்குநர் ஆகலாம், பயின்றவர்களில் 90 விழுக்காட்டினர் வேலையில் இருக்கிறார்கள். அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: "சார், ஈ.பி.எஃப். மூணாவது கணக்குல கொஞ்சம் காசு இருக்கு. அம்மாவோட வளையல வெச்சா மீதியும் வந்துடும். வேலைய விட்டுட்டுச் சேந்துடவா? நீங்க சொன்னா சேந்துடுறேன்."

"நீங்க சொன்னா" என்ற அந்த இரண்டு சொல்தான் என்னை உட்கார வைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதே போல ஒரு பையன் கேட்டபோது, யோசிக்காமல், "போப்பா, கம்ப்யூட்டர் சோறு போடும்" என்று சொல்லி அனுப்பினேன். அவன் ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டினான், ஒழுங்காக முடித்தான், எட்டு மாதம் வீட்டிலிருந்து விண்ணப்பம் அனுப்பினான். பிறகு கைப்பேசிக் கடையில் வேலைக்குப் போய்விட்டான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இன்னும் தீபாவளிக்கு முறுக்கோடு வருகிறான். அது எனக்கு அதிகமாகவே உறுத்துகிறது.

அதனால் இந்த முறை, "ரெண்டு வாரம் பொறும்மா" என்று மட்டும் பதில் போட்டேன். நான் தமிழாசிரியர், நிரல் எழுதத் தெரியாது. ஆனால் ஒரு விளம்பரத்தை வாசிக்கத் தெரிய வேண்டியவன். கருத்துணர்தல் பகுதியில் நாம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தானே? அந்த இரண்டு வாரத்தில் படித்ததையும், மென்பொருள் துறையில் இருக்கும் என் இன்னொரு பழைய மாணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்களிடமும் இதே கேள்வி வரும். வந்திருக்கும்.

முதலில் பெயர். பூட்கேம்ப் என்பது அமெரிக்க இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களைச் சில வாரங்களில் கசக்கிப் பிழிந்து சிப்பாயாக்கும் முகாம். அந்தச் சொல்லைக் கடன் வாங்கி, மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் நிரலாக்கம் கற்றுத் தரும் தனியார் வகுப்புகளுக்குக் கோடிங் பூட்கேம்ப் என்று பெயர் வைத்தார்கள். 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப் இவற்றில் முன்னோடி. ஏறக்குறைய அதே காலத்தில் நியூயார்க்கில் ஜெனரல் அசெம்பிளி, ஃபிளாட்டைரன் ஸ்கூல் போன்றவையும் வளர்ந்தன. ஜெனரல் அசெம்பிளி பிறகு சிங்கப்பூருக்கும் வந்தது.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் முடித்தவர்களில் பலருக்கு உண்மையாகவே வேலை கிடைத்தது. அதை மறுக்கக் கூடாது. கைப்பேசிச் செயலிகளும் இணையக் கடைகளும் பெருகிய காலம் அது, ஆள் போதவில்லை. இன்னொரு காரணமும் உண்டு, அது விளம்பரத்தில் வராது. அன்று சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஏதோ ஒரு துறையில் பட்டம் பெற்றவர்கள், சில ஆண்டு வேலை அனுபவமும் உள்ளவர்கள். நிலையங்களும் நேர்காணல் வைத்துத்தான் ஆள் சேர்த்தன. கணக்காளராக இருந்தவர் 12 வாரம் நிரலாக்கம் படித்துவிட்டு வங்கி மென்பொருள் நிறுவனத்துக்குப் போனால், அவரை எடுப்பது அந்த 12 வாரத்துக்காக மட்டுமல்ல. கணக்கும் தெரியும், நிரலும் தெரியும் என்பதற்காக. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு 12 வாரம் மட்டும்தான் தெரிகிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இந்த வகுப்பை முடித்தவரையும் கிராஜுவேட் என்பார்கள், பல்கலைக்கழகம் முடித்தவரையும் கிராஜுவேட் என்பார்கள். மொழிபெயர்க்கும் மாணவர்கள் இரண்டுக்கும் 'பட்டதாரி' என்று போட்டுவிடுகிறார்கள். தமிழில் அது தவறு. பட்டம் பெற்றவர்தான் பட்டதாரி. 12 வார வகுப்பை முடித்தவர் 'பயிற்சி முடித்தவர்' அல்லது 'சான்றிதழ் பெற்றவர்'. இது வெறும் இலக்கணப் பிடிவாதம் இல்லை. இந்த வேறுபாட்டுக்கு உள்ள விலையைப் பின்னால் சிங்கப்பூர் வேலை பற்றிச் சொல்லும்போது பார்ப்பீர்கள்.

இப்போது அந்தத் தொண்ணூறு விழுக்காட்டுக்கு வருவோம். பயிற்சி முடித்தவர்களின் எதிர்பார்ப்பு எல்லாம் இந்த ஓர் எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. 'பத்தில் ஒன்பது பேருக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்காதா?' என்பதுதான் நினைப்பு.

நூற்றுக்கு இத்தனை என்றால் அந்த நூறு யார்? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நிலையத்தில் 100 பேர் சேர்கிறார்கள். 25 பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். மீதி 75 பேர் முடிக்கிறார்கள். அவர்களில் 15 பேர் வாரத்துக்கு இத்தனை விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால், 'வேலை தேடாதவர்கள்' என்று ஒதுக்கப்படுகிறார்கள். ஆக, கணக்கில் இருப்பவர் 60 பேர். அவர்களில் 48 பேருக்கு ஏதோ ஒரு வேலை. 48-ஐ 60-ஆல் வகுத்தால் 80 விழுக்காடு. விளம்பரத்தில் போடலாம், பொய்யும் இல்லை. ஆனால் அந்த 48 பேரில் 8 பேர் அதே நிலையத்தில் உதவிப் பயிற்றுநர்கள், 10 பேர் சில வார ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி நிறுவனத்தில் நிலையான நிரலாளர் வேலைக்குப் போனவர் 30 பேர். சேர்ந்த 100 பேரில் 30. பணம் கட்டும் நாளில் நீங்கள் அந்த 100 பேரில் ஒருவர். 60 பேரில் ஒருவராக இருப்பீர்களா என்பது அன்றைக்குத் தெரியாது.

ஆசிரியர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல, ஒத்துக்கொள்வோம். பள்ளித் தேர்ச்சி அறிக்கையில் 'தேர்வுக்கு அமர்ந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அமராதவர் எங்கே போனார் என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை.

மேலே போட்டது கற்பனைக் கணக்கு. உண்மையில் நடந்ததைப் பாருங்கள். ஃபிளாட்டைரன் ஸ்கூல் 98.5 விழுக்காட்டினருக்கு வேலை என்றும், சராசரித் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 74,447 அமெரிக்க டாலர் என்றும் விளம்பரம் செய்தது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்தது. அந்த 98.5-க்குள் முழுநேர ஊழியர்கள் மட்டுமல்ல, தொழில் பழகுநர்கள், ஒப்பந்தக்காரர்கள், சொந்தமாகச் சில்லறை வேலை செய்பவர்கள் எல்லாரும் இருந்தார்கள். சிலருடைய வேலை 12 வாரம்கூட நீடிக்கவில்லை. சம்பளச் சராசரியோ முழுநேர வேலை கிடைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்டது. வகுப்பறையில் படித்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் 58 விழுக்காடு, இணையவழி படித்தவர்களில் 39 விழுக்காடு. தேர்ச்சி பெற்றவர்களின் மதிப்பெண்ணை மட்டும் கூட்டி வகுத்து, 'இது வகுப்புச் சராசரி' என்று சொல்வதைப் போன்றது இது. இந்த விளம்பரங்களுக்காகவும் உரிமம் இல்லாமல் நடத்தியதற்காகவும் 2017 அக்டோபரில் அந்த நிறுவனம் 375,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இதைவிடப் பெரிய கதை லாம்டா ஸ்கூலுடையது. 2017-இல் தொடங்கிய இணையவழிப் பள்ளி அது. பிறகு புளூம்டெக் என்று பெயர் மாறியது. முன்பணம் வேண்டாம், வேலை கிடைத்த பிறகு கொடுத்தால் போதும் என்பதுதான் அதன் கவர்ச்சி. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! ஆண்டுக்கு 50,000 டாலர் அளவில் சம்பளம் வந்தால், இரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளத்தில் 17 விழுக்காடு கொடுக்க வேண்டும். உச்சவரம்பு 30,000 டாலர்.

மாணவர்களே, தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 60,000 டாலர் வாங்குபவர் ஆண்டுக்கு 10,200, இரண்டு ஆண்டில் 20,400 டாலர் கொடுக்கிறார். அதுவும் வரிக்கு முந்திய சம்பளத்தில். வட்டி என்ற சொல் எங்குமே இல்லை. 'இது கடன் இல்லை' என்றே அந்தப் பள்ளி சொல்லிவந்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்கப் பயனீட்டாளர் நிதிப் பாதுகாப்பு வாரியம், இது கடனேதான் என்று அறிவித்தது. நீங்கள் சம்பாதித்தால்தான் நாங்கள் சம்பாதிப்போம் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு, பல ஒப்பந்தங்களை முன்கூட்டியே முதலீட்டாளர்களுக்கு விற்றுக் காசாக்கியிருந்தார்கள் என்றும் வாரியம் சொன்னது. அப்படி விற்ற பிறகு ஒரு மாணவருக்கு வேலை கிடைக்காவிட்டால் பள்ளிக்கு என்ன கவலை?

வேலை விழுக்காடு விஷயம் இன்னும் மோசம். விளம்பரத்தில் 71 முதல் 86 விழுக்காடு வரை சொல்லப்பட்டது. நிறுவனத்தின் உள்கணக்கில் இருந்தது 50-க்கு அருகில், சில நேரம் 30 வரை இறங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குழுவில் 100 விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அதன் தலைமை நிர்வாகி டுவிட்டரில் அறிவித்திருந்தார். பிறகு தனிப்பட்ட ஒரு செய்தியில் ஒப்புக்கொண்டார்: கணக்கில் எடுத்துக்கொண்ட மாணவர் ஒரே ஒருவர்!

இதை என் படிவம் ஐந்து வகுப்பில் சொன்னபோது ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ சார், நான் ஒருத்தன் மட்டும் பரீட்சை எழுதி பாஸ் ஆனா, நம்ம ஸ்கூல் நூறு பர்சென்ட்டா?" ஆமாம்பா, அதேதான்.

எல்லா நிலையமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் சில நிலையங்கள் தாங்களாகவே சி.ஐ.ஆர்.ஆர். என்ற அமைப்பில் சேர்ந்து, முடித்தவர்களில் 180 நாளுக்குள் யாருக்கு என்ன வகை வேலை கிடைத்தது என்று பிரித்துக் காட்ட முன்வந்தன. நிலையமே வேலைக்கு எடுத்துக்கொண்டவர்களைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு. நாணயமாகக் கணக்குக் காட்டுபவரையும் அப்படிக் காட்டாதவரையும் பிரிக்க வழி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, எண்ணை விடுவோம். பயிற்சி முடித்தவர் நேர்காணலுக்குப் போகும்போது என்ன நடக்கிறது? இதை என் பழைய மாணவர் விளக்கியபோதுதான் எனக்கே புரிந்தது.

12 வாரத்தில் கற்றுத் தருவது பெரும்பாலும் இணையப் பக்கம் செய்யும் திறன். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், கொஞ்சம் தரவுத்தளம், கிட். முடிவில் ஒரு செயல்திட்டம்: உணவு ஆர்டர் செய்யும் செயலி, செலவுக் கணக்குச் செயலி, இந்த மாதிரி. அது ஓடும்போது மனம் நிறைந்துவிடும், நியாயம்தான். ஆனால் நேர்காணலில் கேட்கப்படுவது வேறு. ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பட்டியலில் நிறைய எண்கள் இருக்கின்றன. எந்த இரண்டைக் கூட்டினால் 100 வரும்?

முதலில் தோன்றும் வழி, ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லா எண்ணோடும் கூட்டிப் பார்ப்பது. இது வகுப்பில் எல்லாரும் எல்லாரோடும் கைகுலுக்குவது போல. 40 மாணவர் என்றால் 780 கைகுலுக்கல். பரவாயில்லை. ஆனால் பட்டியலில் 100,000 எண்கள் இருந்தால்? ஏறத்தாழ 5 பில்லியன் கூட்டல். இரண்டாவது வழி, ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துக்கொண்டே போய், பார்த்ததை ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்வது. 37 வந்தால், '63 ஏற்கெனவே வந்துவிட்டதா?' என்று பதிவேட்டைக் கேட்பது. பதிவேடு உடனே பதில் சொல்லும்படி அமைந்திருந்தால், பட்டியலை ஒரே தடவை கடந்தால் போதும். 100,000 எண்ணுக்கு 100,000 கேள்வி. ஐந்து பில்லியன் எங்கே, ஒரு லட்சம் எங்கே!

ஏன் இரண்டாவது வழி வேகமானது என்று விளக்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர் இதற்கென்றே தரவுக் கட்டமைப்பு, படிமுறை என்று தனிப் பாடங்கள் படித்திருப்பார். 12 வாரத்தில் இதற்கு ஒரு வாரம் ஒதுக்கினாலே அதிகம். பயிற்சி முடித்தவர், 'நான் செய்த செயலியைப் பார்ப்பார்கள்' என்று எதிர்பார்த்துப் போகிறார். போன இடத்தில் பதிவேட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். திறமை இல்லை என்று நினைத்து வீட்டுக்கு வருகிறார். உண்மையில் அவர் படிக்காத தாளை எழுதிவிட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

வேலை கிடைத்தவருக்கும் ஓர் அதிர்ச்சி இருக்கிறது. புதுச் செயலி செய்யப் போகிறோம் என்று போவார். கையில் கொடுக்கப்படுவது பத்து ஆண்டுகளாகப் பலர் எழுதிய பழைய நிரல். அதில் எங்கோ ஒரு பிழை, கண்டுபிடிக்க வேண்டும். "முதல் மாசம் நான் எழுதுனது பத்து வரிதான் சார். மிச்ச நேரம் பூரா அடுத்தவன் எழுதுனதப் படிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் என் மாணவர். படிக்கிற வேலைதான் அதிகம் என்றபோது, தமிழாசிரியருக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது! அந்தப் பத்து வரியையும் ஒரு மூத்தவர் உட்கார்ந்து படித்து, திருத்தச் சொல்லி, மறுபடி படித்து ஏற்றுக்கொள்ள வேண்டும். புதியவரை எடுத்தால் ஒரு மூத்தவரின் நேரம் போகிறது என்பது முதலாளியின் கணக்கு. அதனால்தான் தொடக்கநிலை வேலை விளம்பரத்திலேயே இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். முரண்தான். மாணவர்கள் கோபப்படுவதில் தப்பில்லை.

இந்தக் கணக்கு 2022-க்குப் பிறகு இன்னும் இறுகியது. அதுவரை அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறக்குறைய பூஜ்யம். கடன் மலிவு, முதலீடு தாராளம், நிறுவனங்கள் ஆளை அள்ளின. 2022 மார்ச்சில் தொடங்கி மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போய், 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 விழுக்காடு வரை கொண்டுவந்தது. 2022 நவம்பரில் மேட்டா 11,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. அடுத்த ஜனவரியில் கூகல் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000-க்கும் மேல். நம் வட்டாரத்தில் கிராப் 2023 ஜூனில் ஆயிரம் பேருக்கு மேல் நீக்கியது. நீக்கப்பட்டவர்கள் எல்லாரும் நிரலாளர்கள் இல்லை. ஆனாலும் அனுபவமுள்ள பலர் ஒரே நேரத்தில் வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் 12 வாரச் சான்றிதழோடு வந்தவர் நிற்க வேண்டியிருந்தது.

நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்ததும் அதே காலத்தில்தான். கிட்ஹப் கோபைலட் 2022 ஜூனில், சாட்ஜிபிடி அதே ஆண்டு நவம்பரில். ஒரு பதிவுப் படிவத்துக்கான நிரல், ஒரு சின்னப் பட்டியல் பக்கம் என்று முன்பு புதியவருக்குப் பழகக் கொடுத்த வேலையின் முதல் வரைவைக் கருவியே எழுதிவிடுகிறது. அது சரியா என்று படித்துச் சொல்பவர்தான் இப்போது தேவை. அப்படிப் படிக்க அனுபவம் வேண்டும், அனுபவத்துக்கு முதல் வேலை வேண்டும். என் கருத்தில், வட்டி நாளை இறங்கினாலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும்.

பயிற்சி நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. முன்னோடியான டெவ் பூட்கேம்ப் 2017-லேயே மூடப்பட்டது. பல பல்கலைக்கழகங்களின் பெயரில் இந்த வகுப்புகளை நடத்திய டூயூ நிறுவனம், 2019-இல் 750 மில்லியன் டாலர் கொடுத்து ட்ரிலஜி என்ற பயிற்சி நிறுவனத்தை வாங்கியது. 2024 டிசம்பரில், பூட்கேம்ப் வகுப்புகளையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆனால் விளம்பரங்களில் வரும் வெற்றிக் கதைகள் பெரும்பாலும் 2015, 2019 காலத்தவை. பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த ஆண்டுக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற கதைதான்.

நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு, இன்னொரு கணக்கு உண்டு. "முடிச்சிட்டு சிங்கப்பூர் போயிடுவேன் சார், அங்க சம்பளம் மூணு மடங்கு" என்பார்கள். சிங்கப்பூரில் நிபுணர் பணிகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் அனுமதிக்கு 2023 செப்டம்பர் முதல் கம்பாஸ் என்ற புள்ளிமுறை வந்துவிட்டது. 40 புள்ளி வேண்டும். கல்வித் தகுதிக்கு மட்டும் பாருங்கள்: உயர்தரப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் 20 புள்ளி, பட்டத்துக்கு இணையான தகுதி என்றால் 10, அது இல்லை என்றால் 0. 12 வாரச் சான்றிதழ் பட்டத்துக்கு இணையானது ஆகாது. சம்பளம் முதலிய மற்ற அளவுகோல்களில் ஈடுகட்டலாம், ஆனால் முதல் வேலை தேடுபவருக்கு அது எளிதல்ல. குறைந்தபட்சச் சம்பளத் தகுதியே 2025 ஜனவரி முதல் மாதம் 5,600 வெள்ளி. பட்டதாரி என்ற சொல்லைப் பற்றி முன்பு அவ்வளவு பிடிவாதம் பிடித்தேனே, அது இதற்காகத்தான்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு நிலைமை சற்று வேறு. 25 வயதானவர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி 2016 முதல் உண்டு. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 மே மாதம் மேலும் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. சொந்தப் பணம் குறைவாகப் போகும்போது துணிந்து பார்க்கலாம். அம்மாவின் வளையலை வைத்துப் பார்ப்பது வேறு.

மாணவிக்கு என்ன சொன்னேன்? சேராதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. "அந்த நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதும்மா" என்றேன். இருவரும் சேர்ந்து எழுதினோம். கடைசி இரண்டு குழுவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள்? முடித்து ஆறு மாதத்துக்குள் நிரலாளராக முழுநேர வேலைக்குப் போனவர் எத்தனை பேர்? அவர்களில் எஸ்.பி.எம். தகுதியோடு வந்தவர் எத்தனை பேர்? அவர்களில் இரண்டு பேரோடு நான் பேச முடியுமா? பாதியில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்?

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். 90 விழுக்காடு என்பது 'எங்கள் ஆய்வுக் கேள்விக்குப் பதில் அனுப்பியவர்களில்' என்று இருந்தது. பதில் அனுப்பியவர் எத்தனை பேர் என்று இல்லை. எஸ்.பி.எம். பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை. இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் கட்டணத்தில் கழிவு உண்டு என்று கடைசி வரியில் இருந்தது.

"சார், வேலை கிடைக்காதவன் எதுக்கு சார் ஃபார்ம் நிரப்பி அனுப்புவான்?" என்று அவரே கேட்டார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போதைக்கு வேலையை விடவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற நிரலாக்க வகுப்பை இணையத்தில் பார்க்கிறார். இலவசம்தான். அதே போல ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளத்திலும் 2014 முதல் இணைய நிரலாக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று மாதம் இரவில் தனியாக உட்கார்ந்து பார்க்கட்டும், பிடித்தால் பணம் கட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்பது எங்கள் ஒப்பந்தம். சி.எஸ்.50-இல் நான்காவது வாரம் கணினி நினைவகம் பற்றிய பாடம். அதில் மாட்டிக்கொண்டிருக்கிறார். "தலை சுத்துது சார், ஆனா அந்தப் பதிவேடு விஷயம் இப்ப கொஞ்சம் புரியுது" என்று போன வாரம் செய்தி வந்தது. அவருடைய சரக்கு நிறுவனத்தில் கண்டெய்னர் பட்டியலைக் கையால் ஒப்பிடும் வேலை ஒன்று இருக்கிறதாம். அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அது ஓடினால், எந்த உணவு ஆர்டர் செயலியைவிடவும் நேர்காணலில் பேச நல்ல செய்தி என்கிறார் மென்பொருள்காரர்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் பயன்படுத்த விரும்பினால், மாணவர்களையே ஒரு விளம்பரம் கொண்டுவரச் சொல்லுங்கள். கோடிங் வகுப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை, டியூஷன் சென்டர் விளம்பரமும் போதும். அதில் உள்ள விழுக்காட்டை வட்டமிடச் சொல்லி, 'யாரில்?' என்ற கேள்விக்கு விளம்பரத்திலேயே விடை இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். என் வகுப்பில் 31 பேர் கொண்டுவந்தார்கள். இரண்டே விளம்பரங்களில்தான் விடை இருந்தது. அதில் ஒன்று சிறிய எழுத்தில், மடிப்புக்குப் பின்னால்.